பதினோராவது கேள்வி

பீரோவுக்குப் பின்னால் கவர் இல்லை.

சிவசங்கரி பீரோவைச் சுவரிலிருந்து ஒரு அடி நகர்த்திப் பார்த்தாள். ஒட்டடை, பல் உடைந்த சீப்பு, போன வருஷத்துக் காலண்டர். எம்.ஆர்.ஐ. ஃபிலிம் இருந்த பெரிய நீலக் கவரை மட்டும் காணோம்.

"அம்மா, ஸ்கேன் கவர் எங்க?"

சாமுண்டீஸ்வரி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை.

இரண்டு மாதமாக அந்த வீடு அவளுடைய முதுகைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தது. மாசி மாதம் ஒரு நாள், திண்டிவனத்து மெடிக்கல் ஷாப்பில் வேலை முடிந்து சிவசங்கரி வீடு திரும்பியபோது அம்மா தரையில் படுத்துக் கிடந்தாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றார் அப்பா. தைலம் போட்டார்கள். பெல்ட் வாங்கினார்கள். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. மூன்று வாரத்துக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது, இடுப்பில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று. சென்னையில் முதுகெலும்புக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரை வீடியோவில் பார்க்க, பன்னிரண்டு நாள் காத்திருந்து சிவசங்கரி நேரம் வாங்கியிருந்தாள்.

இன்று மாலை நான்கு மணி. அதற்காக லீவு போட்டிருந்தாள்.

பகல் பதினொரு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு மூன்று விஷயம் அனுப்ப வேண்டும். பதினைந்து கேள்விகளுக்குப் பதில். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோ. நோயாளி பத்து அடி நடக்கிற வீடியோ.

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன். கவர் எங்க?"

"உங்கப்பன் எடுத்துகினு போச்சு."

"எங்க?"

"உப்பளத்துக்கு. சூப்பர்வைசர் பாலகுரு பாக்கணும்னு கேட்டாராம்."

"அந்தாளு இன்னா டாக்டரா? இன்னைக்கு அது வேணும்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

அப்பாவுக்கு போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. தேசப்பன் உப்பளத்தில் மேஸ்திரி. விடியுமுன்னே போய் ஆட்களை இறக்கி விட்டால், வெயில் ஏறும்வரை போனைப் பார்க்க மாட்டார். மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்ததும் சிவசங்கரி போனைக் கட்டிலில் எறிந்தாள். பிறகு அது உடைந்தால் டாக்டரை எதில் பார்ப்பது என்று நினைத்து எடுத்துத் துடைத்தாள்.

"சரி, எழுந்திரு. நடக்கறத எடுத்துடலாம்."

"இரு. வேற பொடவ கட்டிக்கறேன்."

"நடக்கறதுதாம்மா தெரியணும். இதுக்குப் போயி எதுக்கு வேற பொடவ?"

"கட்டிக்கறேன்னு சொன்னேன்."

"கல்யாண வீடியோவா எடுக்கறாங்க? எழுந்திரும்மா. மணி ஏழரை ஆவுது."

சாமுண்டீஸ்வரி அவளை முறைத்தாள். சுவரைப் பிடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். புடவையின் பின்பக்கத்தைக் கையால் இழுத்து முன்னால் கொண்டுவந்து செருகிக்கொண்டாள். ரப்பர் செருப்பில் காலை நுழைத்தாள்.

"எங்கேருந்து?"

"அங்கேருந்து சமையக்கட்டு வரைக்கும். எப்பவும் எப்படி நடப்பியோ அப்படியே நட."

நடக்கும்போது அவள் நிமிர்ந்திருந்தாள். தலையில் சுமை இருக்கிற மாதிரி கழுத்தை நேராக வைத்துக்கொண்டாள். இருபது வருஷத்துப் பழக்கம். ஆனால் இடது பாதம் மட்டும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் 'டப்' என்று தரையில் அறைந்தது. நான்காவது அடியில் இடது செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. குனிந்து பார்க்கவுமில்லை. சமையல்கட்டு வாசற்படி வரை போய்த் திரும்பி, "போதுமா?" என்றாள்.

"அம்மா, செருப்பு?"

"இன்னா?"

"ஒரு கால்ல செருப்பு இல்ல."

சாமுண்டீஸ்வரி குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு நடுவீட்டில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"எப்ப கழண்டுது?" என்றாள்.

சிவசங்கரி செருப்பை எடுத்து வந்து அம்மாவின் காலடியில் வைத்தாள். அந்த வீடியோவை அவள் இரண்டாவது தடவை போட்டுப் பார்க்கவில்லை.

எட்டரை மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தேசப்பன் காலில் உப்புச் சேறு காய்ந்திருக்க உள்ளே வந்தார். கையில் கவர் இல்லை.

"எங்கப்பா?"

"எது?"

"ஸ்கேன் கவரு."

"சார் வெச்சிக்கினு இருக்காரு. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கிட்ட காட்றேன்னாரு. குடுத்துடுவாரு. மொதல்ல இட்லி எடுத்து வை."

"பதினோரு மணிக்குள்ள அனுப்பணும்ப்பா!"

"குடுத்துடுவாருன்னு சொல்றேன்ல. அந்த ஃபாரத்தை இங்கயே படி. நான் சொல்றேன், எழுதிக்கோ."

சிவசங்கரி பொறுத்துக்கொண்டாள். கேள்விகளையாவது முடித்துவிடலாம் என்று போனைத் திறந்தாள். பேர், வயது, சர்க்கரை, பிரஷர்.

"நாலாவது. வலி எப்போ, எப்படி ஆரம்பிச்சிது?"

"மாசி மாசம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தது. போடு."

அவள் போட்டாள். பாயில் அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலி எங்கேருந்து எங்க போவுது?"

"இடுப்புலேருந்து எடது காலு. போடு."

ஒவ்வொன்றுக்கும் தேசப்பனே பதில் சொன்னார். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். தூக்கம் எப்படி என்ற கேள்விக்கு "நல்லாத்தான் தூங்குறா" என்றார். மரத்துப்போவது உண்டா என்றதற்கு "லேசா" என்றார். பதினோராவது கேள்வி, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்திருக்கிறதா என்றிருந்தது. அப்பா எதிரில் அதை வாய்விட்டுப் படிக்க சிவசங்கரிக்குக் கூச்சமாக இருந்தது. அவளே 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"பன்னெண்டு. என்ன வேலை செய்யறீங்க? ஒரு நாளைக்கு எவ்ளோ எடை தூக்குவீங்க?"

"வூட்டு வேலைன்னு போடு."

"இன்னாப்பா நீ? இருவது வருஷமா உப்பு தூக்குறாங்க. ஒரு கூடை முப்பது கிலோ இருக்குது. அதத்தான டாக்டருக்கு சொல்லணும்?"

"உப்புன்ற வார்த்தையே அதுல வரக்கூடாது. பாலகுரு சார் சொல்லியிருக்காரு."

"அவரு எதுக்கு சொல்றாரு?"

"எதுக்குன்னா? அளத்துல விழுந்ததுன்னு எங்கயாச்சும் எழுத்துல வந்துச்சின்னா நாளைக்கு கேஸு கீஸுன்னு..."

சொல்லிவிட்டு தேசப்பன் நிறுத்தினார். கையிலிருந்த இட்லித் துண்டு சாம்பாரில் விழுந்தது.

"அளத்துல விழுந்தாங்களா?" என்றாள் சிவசங்கரி.

அவர் தட்டைப் பார்த்தார்.

"உன்னத்தாம்ப்பா கேக்கறேன். அம்மா அளத்துல விழுந்தாங்களா?"

பாயிலிருந்து குரல் வந்தது.

"சொல்லேன்யா. வாய்ல இட்லி அடச்சிகினு இருக்குதா?"

"சாமுண்டி, சும்மா இரு."

"ரெண்டு மாசமா சும்மாத்தான இருக்கறேன்."

தேசப்பன் எழுந்து கை கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊருக்கே கேக்கற மாதிரி கத்தாதீங்க ரெண்டு பேரும். பதினோரு வருஷமா மேஸ்திரி நானு. அந்த வேல போச்சின்னா அப்புறம் இந்த வூட்ட யாரு பாக்கறது?"

"கவர் வேணும்," என்றாள் சிவசங்கரி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "நீ இப்பவே போயி வாங்கிகினு வா. இல்லன்னா நான் வர்றேன். வேலை செய்யற எல்லாரு எதிர்லயும் நின்னு கேக்கறேன்."

மகள் அப்படிச் செய்யக்கூடியவள் என்று தேசப்பனுக்குத் தெரியும். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு சிவசங்கரி அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னா நடந்துச்சு?"

"இன்னா நடக்கும். வரப்பு ஈரமா இருந்துச்சு. கூடையோட வழுக்கிட்டேன். அப்படியே பொத்துனு உக்காந்தேன். உள்ளுக்குள்ள ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு. காலு ரெண்டும் என்னுது இல்ல."

"அப்பா எங்க இருந்தாரு?"

"எதிர்லதான். லாரி நின்னுகினு இருக்குது, பாலகுரு பக்கத்துல நின்னுகினு மணிய பாக்கறாரு. உங்கப்பன் ஓடி வந்துச்சு. என்னத்தான் தூக்க வருதுன்னு கைய நீட்டினேன்." சாமுண்டீஸ்வரி கூரையைப் பார்த்துப் பேசினாள். "அது மொதல்ல கூடையத் தூக்கிச்சு. செதறின உப்ப அள்ளிப் போட்டுச்சு. அப்பறமாதான் என்ன பாத்துச்சு. 'எழுந்திரு சாமுண்டி, சார் பாக்கறாரு, நடிக்காத'ன்னுச்சு."

"நீ எழுந்தியா?" என்றாள் சிவசங்கரி.

"எழுந்தேன். அதுக்கப்புறம் பதினாலு நடை தூக்கினேன். லாரி ரொம்பி போச்சு. வூட்டுக்கு வந்து படுத்தவதான்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லாதன்னு உங்கப்பன் என் தலை மேல கைய வெச்சி கேட்டுச்சு. அத வுடு. நீ கேட்டியா? பாத்ரூம்ல வுழுந்தாங்கன்னு சொன்ன ஒடனே நம்பிட்ட. இந்த வூட்டு பாத்ரூம்ல வழுக்கி வுழ எடம் இருக்குதா? நின்னா செவுத்துல முட்டுது."

அது சிவசங்கரியின் முகத்தில் அறைந்தது. உண்மைதான். அந்தக் குளியலறையில் ஒரு ஆள் கையை விரிக்க முடியாது. இரண்டு மாதத்தில் ஒரு நாள் கூட அவள் அதை யோசிக்கவில்லை. ஊசி வாங்கி வந்தாள், மாத்திரை வாங்கி வந்தாள், பெல்ட் சைஸ் பார்த்து வாங்கி வந்தாள். கேட்கவில்லை.

"படி," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"எத?"

"அந்தப் பதினொண்ணாவது. பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல ஒண்ண நீயே மனசுக்குள்ள படிச்சிட்டு நீயே ஏதோ தட்டின. அது இன்னா?"

சிவசங்கரி படித்தாள். இந்த முறை வாய்விட்டு.

அம்மா கூரையிலிருந்து பார்வையை இறக்கி மகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அழுகையில்லை அந்தக் குரலில், கோபம்தான் இருந்தது.

"மூணு நாளா தெரியல."

"எது தெரியல?"

"வர்றது தெரியல. நனைஞ்சப்பறம்தான் தெரியுது. போனா வரவும் மாட்டேங்குது, சும்மா இருந்தா நிக்கவும் மாட்டேங்குது. உக்கார்ற எடமே ஏதோ கட்டைய வெச்ச மாதிரி இருக்குது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து நானே பொடவைய அலசி போடறேன். நேத்து தொட்டித் தண்ணிய காலி பண்ணிட்டேன்னு எங்கிட்ட கத்தினியே, அதான்."

சிவசங்கரிக்குக் காலையில் அம்மா கேட்ட புடவை ஞாபகம் வந்தது. கல்யாண வீடியோவா என்று தான் கேட்டதும் ஞாபகம் வந்தது.

"இத ஏம்மா..."

"யாருகிட்ட சொல்றது? உங்கப்பன்கிட்டயா? தூக்கம் நல்லா இருக்குதுன்னு சொன்னானே, அவன்கிட்டயா? எம் முதுகு, எங்காலு, என் மூத்திரம். பதினஞ்சு கேள்விக்கும் நீங்க ரெண்டு பேருமே பதில் சொல்லிக்கினீங்க. நான் இங்க பொணமாட்டம் படுத்துகினு கேட்டுகினு இருக்கறேன். மாத்து. எல்லாத்தையும் மாத்து. நான் சொல்றத எழுது."

சிவசங்கரி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா சொன்னாள், அவள் எழுதினாள். நாலாவது கேள்விக்கு: உப்பளத்தில் கூடையோடு விழுந்தேன். தூக்கத்துக்கு: இல்லை. மரத்துப்போவதற்கு: செருப்பு கழன்றாலும் தெரியவில்லை. பதினொன்றுக்கு: ஆம், மூன்று நாளாக. பன்னிரண்டுக்கு: ஒரு கூடை முப்பது கிலோ, ஒரு நாளைக்கு அறுபது நடைக்குக் குறையாது.

ஃபிலிம் போட்டோ இல்லாமலேயே அனுப்பினாள். மணி பத்து பத்து.

ஆறு நிமிஷத்தில் போன் அடித்தது. அப்பா என்று நினைத்து எடுத்தாள்.

"சாமுண்டீஸ்வரியம்மா வீடுங்களா? நான் ஆஸ்பத்திரியிலேருந்து சிஸ்டர் அமுதவல்லி பேசறேன். பதினோராவது கேள்விக்கு ஆமான்னு போட்டிருக்கீங்க. தெரிஞ்சிதான் போட்டீங்களா?"

"ஆமா சிஸ்டர்."

"அவங்களை நடக்க விடாதீங்க. டாக்டர் நாலு மணிக்கு இல்ல, இப்பவே பேசறாங்களாம். லைன்லயே இருங்க."

திரையில் ஒரு பெண் டாக்டர் வந்தார். கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைக் கூடக் கழற்றவில்லை. சிவசங்கரி அவசரமாகப் பேச ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

"நீங்க பொண்ணா? ஒரு நிமிஷம்மா. அவங்க சொல்லட்டும். அம்மா, எப்பலேருந்து இப்படி இருக்கு?"

சாமுண்டீஸ்வரி சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு துணியின் முனையால் அம்மாவின் தொடையின் உள்பக்கத்தைத் தொடும்படி சிவசங்கரியிடம் சொன்னார்.

சிவசங்கரி போனைத் திருப்பி வைத்துவிட்டுத் தொட்டாள். வலது பக்கம், இடது பக்கம், இன்னும் மேலே.

"தொடறது தெரியுதாம்மா?"

"எப்ப தொடப்போற?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

அந்தப் பக்கம் டாக்டர் மூச்சை இழுத்துக்கொண்டது போனில் கேட்டது.

"நல்லா கேட்டுக்கோங்க. டிஸ்க் இன்னும் வெளிய வந்து, கீழ போற நரம்புக் கத்தையையே அழுத்துது. இது வீடியோவுல பாக்கற விஷயம் இல்ல. இன்னைக்கே புதுசா ஸ்கேன் எடுத்து, இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். பாண்டிச்சேரியில எனக்குத் தெரிஞ்ச சர்ஜன் இருக்காரு. நான் பேசிடறேன். நீங்க 108-ஐக் கூப்பிடுங்க. பஸ், ஆட்டோ எதுவும் வேண்டாம்."

"பழைய ஃபிலிம் இப்போ கைல இல்ல மேடம்," என்றாள் சிவசங்கரி.

"அதுக்காக ஒரு நிமிஷம் கூட நிக்காதீங்க."

அப்போதுதான் யாரோ கதவைத் தட்டித் தள்ளித் திறந்தார்கள். தேசப்பன் நீலக் கவரோடு நின்றார். அவருக்குப் பின்னால் பாலகுரு. வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஏற்றிய கூலிங் கிளாஸ். டாக்டர் நாலு மணிக்குத்தானே, அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

"இன்னாம்மா சாமுண்டி, உடம்பு எப்படி இருக்குது?"

போனிலிருந்து டாக்டர் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு, சர்ஜனுக்குச் சொல்லணும். விழுந்தப்போ தலையில சுமை இருந்துதாம்மா? விழுந்தப்புறமும் தூக்கினீங்களா?"

பாலகுரு சட்டென்று உள்ளே ஒரு அடி வைத்தார். "ஏம்மா, அதெல்லாம் எதுக்கு டாக்டர் அம்மாகிட்ட? வூட்ல வுழுந்ததுன்னு தேசப்பன் சொன்னானே..."

"பேசறது யாரு?" என்றார் டாக்டர்.

சாமுண்டீஸ்வரி கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள்.

"வுழுந்த எடத்துல நின்னு மணி பாத்தவரு, மேடம். பக்கத்துல நிக்கறது என் வூட்டுக்காரரு. வுழுந்தப்பறம் பதினாலு கூடை தூக்க வெச்சவரு. ரெண்டு பேரும் வந்திருக்காங்க, நான் இன்னா பதில் சொல்றேன்னு பாக்க."

தேசப்பனின் கையில் கவர் சரசரத்தது.

"சம்பந்தமில்லாதவங்க வெளிய இருக்கட்டும்," என்றார் டாக்டர்.

"கேட்டுச்சா?" என்றாள் சாமுண்டீஸ்வரி. "வெளிய."

பாலகுரு சிரிக்கப் பார்த்தார். சிவசங்கரி எழுந்து அவருக்கு நேரே வந்து நின்றதும் சிரிப்பு நின்றது. செருப்பு மாட்டக்கூட நிற்காமல் இறங்கினார். தேசப்பன் கவரை வாசற்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சிவசங்கரி 108-ஐக் கூப்பிட்ட இருபது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் சாமுண்டீஸ்வரியை அப்படியே பலகையில் நகர்த்தித் தூக்கினார்கள். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"கூட வர்றது யாரு?" என்று கேட்டார் ஆம்புலன்ஸ்காரர்.

தேசப்பன் ஏறி உட்கார்ந்தார். மடித்துக் கட்டிய லுங்கியும் சேற்றுக் காலுமாக அப்படியே ஏறிவிட்டார். "சாமுண்டி," என்று அவள் கையைப் பிடிக்கப் போனார்.

"எறங்கு."

"நான் வர்றேன் சாமுண்டி. நான் இல்லாம யாரு..."

"யோவ், எறங்குன்னு சொல்றேன்."

இருபத்து மூன்று வருஷத்தில் தெரு பார்க்க அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. தேசப்பன் இறங்கினார். சிவசங்கரி ஏறி, கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முகம் சின்னதாகிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள். பாவம் என்று மனசு சொல்லவில்லை. சொல்லும் என்று எதிர்பார்த்தாள், சொல்லவில்லை.

வண்டி கூனிமேட்டைத் தாண்டி, பொம்மையார்பாளையத்தைத் தாண்டி ஓடியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சாமுண்டீஸ்வரி மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கத்தவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னதுமே உள்ளே கொண்டு போனார்கள். சென்னை டாக்டர் பேசியிருந்தார். இரண்டரை மணிக்கு ஸ்கேன் முடிந்தது. நாலு மணிக்கு சர்ஜன் வந்து ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளைஞர்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல உள்ள கொண்டு போறோம்மா. கால் வலி குறையும். பாதம் கொஞ்சம் கொஞ்சமா தேறலாம். மூத்திரம் கட்டுப்படறது மட்டும்... அது திரும்ப வரலாம், வராமலும் போகலாம். இப்ப சொல்ல முடியல. லேட்டாயிடுச்சு."

"மூணு நாளு முன்னாடி யாராச்சும் எங்கிட்ட இந்தக் கேள்விய கேட்டிருந்தா?"

சர்ஜன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

சாமுண்டீஸ்வரி தலையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டியபடி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேணும். வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"எதுக்கு அவரு? அறுக்கறது என்னையத்தான. எங்கிட்ட குடுங்க."

"இல்லம்மா, வழக்கமா வீட்டுல யாராவது..."

"அவங்களே போடலாம். குடுங்க," என்றார் சர்ஜன்.

"மொதல்ல படிச்சி காட்டு சிவா. ஒரு வரி விடாம."

சிவசங்கரி படித்தாள். ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, நரம்பு சேதம், உயிருக்கு ஆபத்து. எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை. எதையும் மனசுக்குள் படித்துக்கொள்ளவில்லை. கேட்டு முடித்ததும் சாமுண்டீஸ்வரி படுத்தபடியே, அட்டையின் மேல் வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் முழுப் பெயரையும் எழுதினாள். உப்பில் வெடித்துப்போன விரல்கள். கடைசி எழுத்துக்குக் காகிதத்தில் இடம் போதவில்லை. கீழே இறக்கி எழுதினாள்.

ஐந்தேகாலுக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது.

ஐந்தரைக்கு சிவசங்கரியின் போன் அடித்தது. அளத்தில் அம்மாவோடு வேலை செய்யும் மேரிசெல்வி. மூச்சு வாங்கப் பேசினாள்.

"சிவா, உங்கம்மா எப்படி இருக்குது?"

"உள்ள கொண்டு போயிருக்காங்கக்கா."

"இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். மத்தியானம் உங்கப்பன் அளத்துக்கு வந்துச்சு. நேரா பாலகுருகிட்ட போச்சு. இன்னா பேசிக்கினாங்கன்னு தெரியல. ரெண்டு பேரும் உப்பு பாத்திக்குள்ளயே கட்டிப் பொரண்டாங்க. நாங்க போயி பிரிக்கறதுக்குள்ள பாலகுருவுக்கு மண்டை ஒடஞ்சி போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. கண்ணு தொறக்கலன்னு சொல்றாங்க. போலீஸ் வந்து நிக்குது."

"அப்பா?"

"காணும் சிவா. வண்டி இங்கயே நிக்குது. போனு வரப்பு மேல கெடக்குது. கழிமுகம் பக்கமா நடந்து போனத ஒருத்தர் பாத்திருக்காரு. நம்ம அளத்து பிரபுவும் இன்னும் நாலு பேரும் தேடிகினு இருக்காங்க. நீ வர முடியுமா?"

சிவசங்கரி சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு வந்தது பயமில்லை. முதலில் வந்தது கோபம். அவளே திடுக்கிடும் அளவுக்குக் கோபம். அம்மாவுக்கென்று ஒரு நாள். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள். அதையும் அவர் விடவில்லை.

"அக்கா," என்றாள். "எங்கம்மா உள்ள இருக்காங்க. நான் இந்தக் கதவு முன்னாடிலேருந்து எங்கயும் நகர மாட்டேன்."

"உங்கப்பன் ஏதாச்சும் பண்ணிக்கிச்சின்னா?"

சிவசங்கரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தியேட்டர் கதவு பாதி திறந்தது. பச்சைத் தொப்பி போட்ட நர்ஸ் தலையை நீட்டினாள்.

"சாமுண்டீஸ்வரி அட்டெண்டர் யாரு? சீக்கிரம் வாங்க."

சிவசங்கரி போனை அணைத்துவிட்டுக் கதவை நோக்கி ஓடினாள்.